வேலைக்குப் போகவர நிறுவனம் தரும் காசு, வண்டி, பெட்ரோல்: எதற்கு வரி, எதற்கு இல்லை? நிதித்துறை இளையவர்களின் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. நகைக்கடன் கிளை, சிறுகடன் நிறுவனம், வங்கி, ஷேர் புரோக்கர் அலுவலகம், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கணக்குப் பிரிவு என்று வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகள், ஜனவரியில் நிறுவனம் ஆதாரம் கேட்க ஆரம்பித்ததும் பே ஸ்லிப்போடு வந்து நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இங்குள்ள தொகைகளும் பிரிவு எண்களும் 2025-26 நிதியாண்டுச் சம்பளத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் வாங்கும் சம்பளத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதற்கான பிரிவு எண்களையும் தொகைகளையும் புதிய சட்டத்திலும் அதன் விதிகளிலும்தான் பார்க்க வேண்டும்.

அக்கா, என் பே ஸ்லிப்புல கன்வேயன்ஸ் 1,600-ன்னு தனியா இருக்கு. அதுக்கு வரி கிடையாதுதானே?

உண்டு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரத் தரும் படிக்கு ஒரு காலத்தில் விலக்கு இருந்தது. மாதம் 800 ரூபாயாக இருந்த அந்த விலக்கு 2015 ஏப்ரலில் 1,600 ஆனது. 2018 மார்ச்சோடு அதை எடுத்துவிட்டார்கள். மருத்துவச் செலவுக்கு இருந்த 15,000 ரூபாய் விலக்கும் அதோடு போய், இரண்டுக்கும் பதிலாக 40,000 ரூபாய் நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், ரசீது எதுவும் இல்லாமலே சம்பளத்தில் கழிப்பது) வந்தது. அடுத்த ஆண்டு அது 50,000 ஆனது. இப்போது புதிய வரி முறையில் (வரி விகிதம் குறைவு, விலக்குகளும் குறைவு) 75,000, விலக்குகள் அதிகம் உள்ள பழைய முறையில் 50,000.

பல நிறுவனங்களின் சம்பள மென்பொருளில் அந்தப் பழைய 1,600 இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தலைப்பில் ‘கன்வேயன்ஸ்’ என்று போட்டிருப்பதால் விலக்கு வந்துவிடாது. அடிப்படைச் சம்பளத்துக்கு எப்படி வரியோ அப்படியேதான் இதற்கும்.

அப்போ மாசம் 24,000 வாங்குற நானும் வரி கட்டணுமா?

வேண்டாம். ஆண்டுக்கு 2,88,000 ரூபாய். புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அதற்கு மேல் போனாலும், மொத்த வருமானம் 12 லட்சம் வரை 60,000 ரூபாய் வரையிலான தள்ளுபடி வரியைச் சுழியாக்கிவிடும். நிலையான கழிவையும் சேர்த்தால், வேறு வருமானம் இல்லாதவருக்கு 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை. இங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதற்குள் அடங்கிவிடுவார்கள்.

அப்புறம் எதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்றால், மூன்று பேருக்கு இது கையைக் கடிக்கும்: பழைய முறையில் இருப்பவர், 12.75 லட்சத்தின் விளிம்பில் நிற்பவர், சம்பளத்தோடு ஷேர் வாங்கி விற்பவர். உதாரணமாக, பழைய முறையில் 20 சதவீத வரி அடுக்கில் (ஸ்லாப்) இருப்பவருக்கு மாதம் 2,000 ரூபாய் பயணப்படி கிடைத்தால், ஆண்டுக்கு 24,000-க்கு செஸ் (வரியின் மேல் 4 சதவீதம்) உட்பட 4,992 ரூபாய் வரி. மற்ற இருவர் கதை கீழே வருகிறது.

கம்பெனி வேன் வந்து ஏத்திட்டுப் போய் திரும்பக் கொண்டு விடுது. அந்த வசதிக்கு ஒரு மதிப்பு போட்டு வரி பிடிப்பாங்களா?

மாட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் போய்வர நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியைப் பயன்படுத்துவது ஒரு சலுகைப் பயனாகவே (பெர்க்விசிட்) கருதப்படாது. சட்டத்தின் 17(2)(iii) பிரிவுக்குக் கீழே உள்ள விளக்கத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. புதிய முறை, பழைய முறை என்ற பேதமும் இதற்கு இல்லை.

வேன் நிறுவனத்தின் சொந்த வண்டியா, ஒப்பந்தத்தில் ஓடும் டிராவல்ஸ் வண்டியா என்பது முக்கியமில்லை. வாசலில் ஏற்றாமல் வடசேரியிலோ பார்வதிபுரத்திலோ ஏற்றினாலும் பரவாயில்லை. இரவு நேரம் தாமதமானதும் நிறுவனம் தன் கணக்கில் டாக்சி பிடித்து அனுப்புவதும் இதே வகைதான். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வண்டிக்காரரிடம் பேசி, பில் வாங்கி, பணம் கொடுப்பது நிறுவனமாக இருக்க வேண்டும்.

எங்க ஊருக்கு வேன் வராது. அதுக்குப் பதிலா மாசம் 2,000 தர்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?

இல்லை. வண்டியில் ஏறிப் போனால் அது வசதி. கையில் வாங்கினால் அது சம்பளம். ஒரே கிளையில் மார்த்தாண்டத்திலிருந்து வேனில் வருகிறவருக்கு வரி இல்லை. வேன் போகாத அருமனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்குத் தரும் 2,000-க்கு வரி உண்டு. நியாயமா என்று கேட்டால் எனக்கும் நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

பணம் முழுவதும் டிக்கெட்டுக்கே செலவாகிறது என்று காட்டினாலும் பலன் இல்லை. மறுபக்கம், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்த 2,000-ஐ மிச்சம் பிடிக்கிற தங்கைகளுக்கும் கூடுதல் வரி எதுவும் இல்லை. இலவசப் பயணம் அரசு தருவது, நிறுவனம் தருவதல்ல. அதற்கு யாரும் மதிப்புப் போடுவதில்லை.

குழித்துறையிலிருந்து ரயில்ல போறேன். சீசன் டிக்கெட்டை கம்பெனியே எடுத்துத் தருது. இது காசு இல்லையே?

காசு இல்லைதான், ஆனால் ரயில் உங்கள் நிறுவனத்தின் வண்டியும் இல்லை. நீங்கள் கட்ட வேண்டியதை உங்களுக்காக நிறுவனம் கட்டுகிறது. இதை வரிக்குரியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பில்லைக் கொடுத்து காசு வாங்கினா வரி வராதுன்னு ஃப்ரெண்டு சொல்றான்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. பில் இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பெட்ரோலில் வண்டி எங்கே போனது என்பதுதான் கேள்வி. தக்கலை வீட்டிலிருந்து நாகர்கோவில் கிளைக்கு வர ஊற்றிய பெட்ரோல் உங்கள் சொந்தச் செலவு. அதை நிறுவனம் ஏற்றுக்கொண்டால் வரி உண்டு. கிளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கத் திங்கள்சந்தை போய்வந்த பெட்ரோல் அலுவலகச் செலவு. அதைத் திருப்பித் தந்தால் அது உங்கள் வருமானமே இல்லை.

நான் சிறுகடன் கம்பெனியில ஃபீல்டு ஆபீசர். நாள் முழுக்க பைக்லதான். மாசம் 4,500 பெட்ரோல் படி தர்றாங்க. எவ்வளவுக்கு வரி?

அலுவலக வேலைக்காக அலைவதற்குத் தரும் படி, உண்மையில் செலவான அளவுக்கு வரி விலக்கு உடையது. 10(14) பிரிவும் 2பிபி விதியும் தரும் விலக்கு இது. வேலைக்குரிய பயணத்துக்கு நிறுவனம் இலவச வண்டி தரவில்லை என்பது மட்டும் நிபந்தனை. பலர் புதிய முறைக்குப் போனால் எல்லா விலக்கும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். இது போகாது. பணிச்சுற்றுக்கான இந்தப் படியும், டூர் போகும்போது தரும் பயணச் செலவும் தினப்படியும் புதிய முறையிலும் தொடர்கின்றன. 4,500 வாங்கி 3,800 செலவு செய்தால் மிச்சம் 700-க்கு வரி.

இதற்கெல்லாம் உயிர், நீங்கள் எழுதும் பயணக் குறிப்பு. ஒரு நாளின் குறிப்பு இப்படி இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்: ‘நவம்பர் 12, தக்கலை கிளையிலிருந்து இரணியல், குளச்சல், திரும்பக் கிளை. மீட்டர் 14,210-லிருந்து 14,248. குழுக்கூட்டம் இரண்டு, தவணை பாக்கி ஒன்று. பெட்ரோல் 110.’ மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லா நாளுக்கும் ‘ஃபீல்டு விசிட், 40 கி.மீ.’ என்று ஒரே பேனாவில் எழுதிய தாளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்த உடனே தெரிந்துவிடும். மீட்டர் எண்ணைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால்கூடப் போதும், எழுதுவது தானாக வரும்.

வீட்டுக்குப் போறதுக்கும் அதே பைக், ஃபீல்டுக்கும் அதே பைக். கம்பெனி மொத்தமா பெட்ரோல், சர்வீஸ் செலவை ஏத்துக்குது. பிரிச்சுக் கணக்கு வைக்கலன்னா?

அதற்கும் விதியில் வழி இருக்கிறது. உங்கள் சொந்த பைக் அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் கலந்து ஓடி, செலவை நிறுவனம் ஏற்றால், மாதம் 900 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியை வரிக்குரிய பயனாகப் போடுவார்கள். நிறுவனம் 2,500 தந்தால் 1,600-க்கு வரி. அலுவலக ஓட்டம் 900-ஐ விட அதிகம் என்று மேலே சொன்ன மாதிரிக் குறிப்பு வைத்து, நிறுவனமும் சான்று கொடுத்தால், அந்த அதிகத் தொகையையே கழிக்கலாம்.

பைக் வீட்டுக்கும் கிளைக்கும் மட்டுமே ஓடுகிறது என்றால் இந்த 900 கிடைக்காது. கவுண்டரில் உட்காரும் கேஷியருக்கும் சேர்த்து 900 கழித்திருப்பதைச் சில கணக்குகளில் பார்க்கிறேன். அது சரியில்லை.

எனக்கு சம்பளம் சரியா 12,75,000. இந்த வருஷத்திலிருந்து பயணப்படி மாசம் 2,000 சேர்த்துத் தர்றாங்க. வாங்கலாமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். படி சேர்ந்தால் மொத்தம் 12,99,000. நிலையான கழிவு போக 12,24,000. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் முழுத் தள்ளுபடி போய்விட்டது. அடுக்குப்படி வரி 63,600. ஆனால் மார்ஜினல் ரிலீஃப் என்று ஒன்று உண்டு. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மேல் வரி போகக் கூடாது என்பது அதன் சாரம். ஆக வரி 24,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 960. மொத்தம் 24,960.

அதாவது, ஆண்டு முழுவதும் வாங்கிய பயணப்படி 24,000-ஐயும் கொடுத்து, கையிலிருந்து 960 ரூபாயும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். டெக்னோபார்க் பக்கம் வேலை பார்க்கும் பையன்கள் சிலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இவர்கள் எச்.ஆரிடம் பேசி, காசுக்குப் பதில் நிறுவன வேனில் இடம் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு ஏன் வரி இல்லை என்று மூன்றாவது கேள்வியில் சொல்லியாயிற்று. வரிக்குரிய வருமானம் 12,70,000-ஐத் தாண்டிச் சற்று மேலே போனதும் இந்த நெருக்கடி தீர்ந்து, வழக்கமான அடுக்கு வரிக்கு வந்துவிடும்.

சம்பளம் கம்மிதான் அக்கா, ஆனா கொஞ்சம் ஷேர் வாங்கி விக்கிறேன். பயணப்படியால ஏதும் ஆகுமா?

ஆகும். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நிலையான கழிவு போக சம்பளம் 3,50,000, ஒரு வருடத்துக்குள் வாங்கி விற்ற பங்கில் லாபம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லாததால், சம்பளம் போக மீதமுள்ள இடத்தில் லாபம் முழுவதும் அடங்கிவிடும். வரி சுழி.

இப்போது 24,000 பயணப்படி சேருகிறது. சம்பளம் 3,74,000. லாபத்துக்கு மீதமுள்ள இடம் 26,000 மட்டுமே. வெளியே நிற்கும் 24,000-க்கு, இந்த வகை லாபத்துக்கு உரிய 20 சதவீதம், செஸ்ஸோடு 4,992 ரூபாய். இரண்டாவது பதிலில் சொன்ன தள்ளுபடி இந்த லாபத்தின் வரிக்குப் பொருந்தாது. ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற பேச்சை நம்பி இங்கே மாட்டுகிறவர்கள் நிதித்துறையிலேயே நிறைய.

குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கு பெர்க்விசிட்டே கிடையாதுன்னு சீனியர் சொன்னார். உண்மையா?

ஓரளவுக்கு. இலவசமாகவோ சலுகையிலோ தரும் பொருள், வசதி போன்ற பயன்களில் ஒரு வகைக்கு, ‘குறிப்பிட்ட ஊழியர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டுமே வரி. சம்பள வருமானம் 50,000-ஐத் தாண்டினாலே அந்த வரையறைக்குள் வந்துவிடும் என்று பல வருடம் இருந்தது. அதாவது எல்லோரும் வந்துவிடுவார்கள். 2025-26 முதல் அது 4 லட்சம். நிலையான கழிவு போக உங்கள் பணச் சம்பளம் 4 லட்சத்துக்குள் இருந்து, நீங்கள் நிறுவனத்தின் இயக்குநரோ பெரிய பங்குதாரரோ இல்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை கிளைக் காரைச் சொந்த வேலைக்கு எடுத்தாலும் அதற்கு மதிப்புப் போட மாட்டார்கள்.

ஆனால் கையில் தரும் படிக்கும், நீங்கள் கட்ட வேண்டிய பில்லை நிறுவனம் கட்டுவதற்கும் இந்த 4 லட்சம் எல்லை பொருந்தாது.

கார் கொடுத்தா?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அபூர்வம், சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் கார், செலவும் நிறுவனத்துடையது, இரண்டு வேலைக்கும் ஓடுகிறது என்றால் 1.6 லிட்டர் எஞ்சின் வரை மாதம் 1,800, அதற்கு மேல் 2,400, ஓட்டுநரும் இருந்தால் கூடுதலாக 900 ரூபாய் சம்பளத்தில் சேரும்.

பேங்க் ஸ்டாஃப் லோன்ல வட்டி இல்லாம பைக் எடுத்தேன். இதுக்கும் வரியா?

எல்லாக் கடனும் சேர்ந்து 20,000-ஐத் தாண்டாவிட்டால் இல்லை. தாண்டினால் உண்டு. அந்த நிதியாண்டின் முதல் நாளில் அதே வகைக் கடனுக்கு ஸ்டேட் வங்கி என்ன வட்டி வைத்திருந்ததோ அதை அளவாக எடுத்து, மாதக் கடைசி பாக்கிக்குக் கணக்குப் போட்டு, நீங்கள் கட்டும் வட்டியைக் கழித்து மிச்சத்தைச் சேர்ப்பார்கள். பாக்கி 96,000, வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் அந்த மாதத்துக்கு 800 ரூபாய். தவணை குறையக் குறைய இதுவும் குறையும்.

ஸ்டேட் வங்கி வட்டியை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பது தவறு என்று வங்கி ஊழியர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. மேலே சொன்ன 4 லட்சம் எல்லை இதற்கும் உதவாது.

வேனுக்கு மாசம் 500 சம்பளத்துல பிடிக்கிறாங்க. அதை வருமானத்துல கழிக்கலாமா?

முடியாது. சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டம் அனுமதிப்பது நிலையான கழிவு, பழைய முறையில் தொழில் வரி என்று மிகச் சிலவே. வேன் பிடித்தம் உங்கள் சொந்தச் செலவு.

என் கால்ல குறைபாடு இருக்கு. எனக்குத் தனிச் சலுகை ஏதாவது உண்டா?

உண்டு. பார்வையற்றவர், காது கேளாத வாய் பேச இயலாதவர், கை கால் இயக்கத்தில் குறைபாடு உள்ளவர் ஆகியோருக்கு வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரத் தரும் படியில் மாதம் 3,200 வரை விலக்கு. முதல் கேள்வியில் சொன்ன மாற்றம் இவர்களைத் தொடவில்லை. புதிய முறையிலும் கிடைக்கும். ஆனால் சம்பளத்தில் பயணப்படி என்று தனியாகத் தந்தால்தான் விலக்கு. அப்படித் தலைப்பு இல்லாவிட்டால் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீடு களியக்காவிளை, ஆபீஸ் திருவனந்தபுரம். கேரளா கணக்கு வேறயா?

வருமான வரி மத்திய அரசின் வரி. களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாறாது. மாறுவது தொழில் வரி மட்டும். அதை அலுவலகம் இருக்கும் ஊரின் உள்ளாட்சி அமைப்பு வாங்கும். நாகர்கோவிலில் வேலை என்றால் மாநகராட்சிக்கு, திருவனந்தபுரத்தில் வேலை என்றால் அங்கே. வீடு எங்கே என்று பார்ப்பதில்லை. ஒரே அரையாண்டுக்கு இரண்டு இடத்திலும் பிடித்திருந்தால் எச்.ஆரிடம் உடனே சொல்லுங்கள்.

நான் ஸ்டாஃப் இல்ல, கமிஷன்ல லோன் பிடிச்சுத் தர்றேன். பெட்ரோலுக்குத் தனியா தர்றாங்க.

அப்படியென்றால் இங்கே சொன்ன பெரும்பாலானவை உங்களுக்குப் பொருந்தாது. உங்களுடையது தொழில் வருமானம். பெட்ரோல் பணம் வரவில் சேரும், ஓட்டத்துக்கான செலவு பற்றில் கழியும். நிலையான கழிவு கிடையாது. கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி பிரிவின் சுலபக் கணக்கும் (வரவில் ஒரு சதவீதத்தை லாபமாக வைத்துக்கொள்வது) பொருந்தாது என்பதால் செலவுக்கு ரசீது வைத்தே ஆக வேண்டும்.

ஃபீல்டு படிக்கும் சேர்த்து டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்க. போனது போனதுதானா?

இல்லை. டி.டி.எஸ். என்று சம்பளத்திலேயே பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்றான ஃபார்ம் 16-இன் ‘பி’ பகுதியை எடுத்துப் பாருங்கள். 17(1) என்ற இடத்தில் படிகள் உட்பட மொத்தச் சம்பளம், 17(2)-இல் பெர்க்விசிட், அதன் கீழே 10-ஆம் பிரிவு விலக்குகள் இருக்கும். 10(14)-க்கு நேரே எதுவும் இல்லை என்றால் நிறுவனம் விலக்கைத் தரவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நீங்களே அங்கே விலக்கைக் காட்டி, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். பயணக் குறிப்பும் நிறுவனத்தின் கடிதமும் கையில் இருக்க வேண்டும். துறை விளக்கம் கேட்டால் அதைத்தான் காட்டுவீர்கள்.

ஜூலை 31 தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். அதையும் விட்டுவிட்டு, நான்கு வருடம் அவகாசம் உள்ள அப்டேட்டட் ரிட்டர்னில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அதில் வரி கட்டத்தான் முடியும், ரீஃபண்டு கேட்க முடியாது.

எல்லாரும் பங்க்ல கிடக்குற பில்லைப் பொறுக்கிக் கொடுக்குறாங்க. நானும் கொடுத்தா என்ன?

வருமானத்தைத் தவறாகக் காட்டினால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவு இடம் தருகிறது. வரியும் வட்டியும் தனி. உங்கள் பைக் நாகர்கோவிலைத் தாண்டாத நாளில் தூத்துக்குடி பங்க் பில் இருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியது பில்லைக் கொடுத்த நீங்கள்தான். இரண்டாவது பதிலின்படி வரியே வராத ஆள் இதைச் செய்வதில் ஒரு பைசா லாபமும் கிடையாது.

நாகர்கோவில் கிளைதான் என்னோடது. ரெண்டு வாரம் குலசேகரம் கிளைக்குப் போகச் சொன்னாங்க, வீட்டிலிருந்தே நேரா போனேன். அந்தப் பெட்ரோல் எதுல சேரும்?

எழுத்தில் ஆணை போட்டுத் தற்காலிகமாக அனுப்பியிருந்தால் அது டூர் கணக்கு. அதற்கான பயணச் செலவும் தினப்படியும் செலவான அளவுக்கு விலக்கு பெறும். நாகர்கோவில் கிளையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் சந்தேகமே இல்லை, அது பணிப்பயணம். வீட்டிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, வழக்கமாக வீட்டுக்கும் நாகர்கோவில் கிளைக்கும் ஆகும் தூரத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள் என்று. சட்டம் இந்தக் கழிவைச் சொல்லவில்லை. ஆனால் அப்படிக் கேட்டதை மறுத்த அதிகாரியை இதுவரை நான் பார்த்ததில்லை.

அதே குலசேகரம் கிளைக்கு நிரந்தரமாக மாற்றல் வந்துவிட்டால், வேலைக்குச் சேரப் போகும் மாற்றல் பயணச் செலவு மட்டும் விலக்கு. மறுநாளிலிருந்து அது உங்கள் அலுவலகம், தினமும் போய்வரும் பெட்ரோல் உங்கள் செலவு.